பிள்ளையின் குற்றமும் பெரியோரின் மௌனமும்

கண்ணாடி பொய் சொல்வதில்லை என்பர். உண்மைதான். ஆயினும், அதனை எந்தத் திசையிலே பிடிக்கின்றோம் என்பதைப் பொறுத்தே அதிலே யாருடைய முகம் தெரியும், யாருடைய முகம் தெரியாது போகும் என்பது அமைகின்றது. தொலைக்காட்சி நாடகங்களும் அத்தகைய கண்ணாடிகளே. வழிதவறிய பிள்ளைகளைப் பற்றிய நாடகங்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் எழுகின்றன. உள்ளதை உள்ளவாறே காட்டுகின்றோம் என்பது அவற்றை ஆக்குவோர் கூறும் நியாயம். உள்ளதிலே எந்தப் பாதியைக் காட்டுகின்றார்கள், எந்தப் பாதியைக் காட்டாது விடுகின்றார்கள் என ஆராய்ந்து பார்ப்பது, பிள்ளைகளை வளர்ப்போருக்கும் கற்பிப்போருக்கும் உரிய கடமையாகும்.

பொழுது சாய்ந்தபின் வன்னியின் எந்தக் கிராமத்து ஒழுங்கையினூடாக நடந்தாலும், வீட்டுக்கு வீடு தமிழகத் தொடர் நாடகங்களின் குரல் கேட்கும். மாமியும் மருமகளும் மாறிமாறிச் சூழ்ச்சி செய்யும் கதைகளை வீட்டார் இமைகொட்டாது பார்த்துக்கொண்டிருப்பர். அதே வீட்டின் இன்னொரு மூலையிலே, பதினைந்து அல்லது பதினாறு வயதுப் பிள்ளை கைத்தொலைபேசியின் ஒளியிலே முகம் புதைத்து இருக்கும். ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள். பெரியவர்கள் பார்க்கும் உலகிலே அப்பிள்ளைக்கு இடமில்லை. பிள்ளை பார்க்கும் உலகம் இன்னதென்று பெரியவர்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியே இன்றைய கட்டிளைஞர் நாடகங்களின் கருப்பொருள். நமது கவலையின் கருப்பொருளும் அதுவே.

உண்மை என்பது யாது?

யதார்த்தம் என்னும் சொல்லைப் பலர் தவறாக விளங்கிக்கொண்டுள்ளனர். கெட்ட வார்த்தை, இரத்தம், போதை, கைகலப்பு ஆகியவற்றைத் திரையிலே கொண்டுவந்து விட்டால் யதார்த்தம் வந்துவிட்டது என்று எண்ணுகின்றனர். நமது மண்ணின் பழைய கலையே இதற்கு மறுமொழி கூறும். முல்லைத்தீவுப் பகுதியிலே தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டுவரும் கோவலன் கூத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணகி வேடம் தரித்து ஆடுபவர் ஓர் ஆண் என்பதைச் சபையோர் அறிவர். முடியும் மரகதமும் வெறும் மணியும் தாளுமே என்பதையும் அறிவர். அப்படியிருந்தும் கண்ணகி நீதி கேட்கும் வேளையிலே கிழவிகளின் கண்கள் கலங்குகின்றன. ஏன்? அங்கே வேடம் பொய்யாயினும் வேதனை மெய். அது மட்டுமன்று, தவறு செய்த கோவலனோடு கதை நின்றுவிடுவதில்லை. பழி சுமத்திய பொற்கொல்லனையும், விசாரியாது தண்டித்த அரசனையும் அக்கதை சபையிலே நிறுத்துகின்றது.

வழிதவறிய பிள்ளையைப் பற்றிய நாடகத்துக்கும் இதுவே உரைகல் என்போம். பிள்ளை செய்த குற்றத்தை மாத்திரம் காட்டுவது அரை உண்மை. அக்குற்றத்துக்கு முன்னே பேசாதிருந்த பெரியவர்களையும் சேர்த்துக் காட்டுவதே முழு உண்மை. இவ்வுரைகல்லைக் கையிலே வைத்துக்கொண்டு, பெயர்பெற்ற சில நாடகங்களை உரைத்துப் பார்ப்போம்.

கடல் கடந்த முயற்சிகள்

பிரித்தானியாவிலே பி.பி.சி. நிறுவனம் 1978ஆம் ஆண்டில் "கிரேஞ்ச் ஹில்" என்னும் தொடரை ஆரம்பித்தது. பில் றெட்மண்ட் என்பவர் அதனை உருவாக்கினார். இலண்டனிலுள்ள ஒரு சாதாரண அரச பாடசாலையே கதைக்களம். அதுவரை சிறுவர் நாடகங்களிலே காணப்பட்ட நல்ல பிள்ளைகளுக்குப் பதிலாக, களவெடுக்கும் பிள்ளையும், அடிபடும் பிள்ளையும், ஆசிரியரை எதிர்த்துப் பேசும் பிள்ளையும் அதிலே தோன்றினர். பெற்றோர் பலர் கொதித்தெழுந்தனர். ஆனால் பிள்ளைகள் விரும்பிப் பார்த்தனர். 2008 வரை முப்பது ஆண்டுகள் அது நிலைத்தது. 1986இலே சாமோ என்ற மாணவன் ஹெரோயினுக்கு அடிமையாகும் கதை வந்தது. அவன் தொடக்கத்திலிருந்தே கெட்டவனாகக் காட்டப்பட்டவன் அல்லன். பல ஆண்டுகளாகப் பார்வையாளர் நேசித்த சிரித்த முகப் பையன். போதைப்பொருள் தேடி வருவது நம் வீட்டுப் பிள்ளையையும்தான் என்னும் உண்மை அதனாலேயே பார்த்தோர் நெஞ்சிலே தைத்தது.

கனடாவிலே 1987இல் வெளிவந்த "டிகிராசி ஜூனியர் ஹை" இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான லிண்டா ஸ்கைலர் முன்னர் ரொறன்ரோவிலே பள்ளி ஆசிரியையாக இருந்தவர். இருபத்தைந்து வயது நடிகருக்குச் சீருடை அணிவித்து மாணவராக்கும் வழக்கத்தை அவர் கைவிட்டு, உண்மையிலேயே அந்த வயதினரான பிள்ளைகளை நடிக்கவைத்தார். அதிலே பதினான்கு வயது மாணவி ஒருத்தி கருவுறுகின்றாள். மற்ற நாடகங்களாயின் ஒரு வாரம் அழுது, மறுவாரம் மறந்துவிடும். இங்கோ குழந்தை பிறந்தது. தாய் அதனைச் சுமந்துகொண்டே படித்தாள். 2001ஆம் ஆண்டிலே அதன் புதிய தொடர் ஆரம்பமானபோது, அன்று பிறந்த அக்குழந்தையே எம்மா என்னும் மாணவியாகிக் கதையின் நாயகியாயிற்று. முதற் கதையிலேயே, இணையத்தின் வழியாக நண்பன் வேடம் பூண்டு வந்த ஒரு முதியவனின் வலையிலே எம்மா சிக்கப்பார்க்கின்றாள். தாயின் காலத்து ஆபத்து ஒன்று, மகளின் காலத்து ஆபத்து வேறொன்று. குற்றத்துக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு, அந்த மறுநாள் ஆண்டுக்கணக்கிலே நீளும் என்பதைக் காட்டியதே அந்நாடகத்தின் யதார்த்தம்.

எல்லா முயற்சிகளும் இப்படி நன்மையிலே முடிந்தன என்று சொல்வதற்கில்லை. 2017இலே நெற்பிளிக்ஸ் நிறுவனம் "தேர்ட்டீன் றீசன்ஸ் வை" என்னும் தொடரை வெளியிட்டது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்ட ஒரு மாணவி, அதற்கான காரணங்களை ஒலிநாடாக்களிலே பதிந்து வைத்துவிட்டுச் செல்வதாகக் கதை. உள்ளதை மறைக்கக்கூடாது என்னும் பெயரில் அந்த மரணத்தையும் அவர்கள் விரிவாகக் காட்டினர். மனநல மருத்துவர்கள் பலர் கண்டித்தனர். உயிர்மாய்ப்பின் முறையை விவரித்துக் காட்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் ஊடகங்களுக்கு வகுத்துள்ள வழிகாட்டல்களுள் ஒன்று. மனமுடைந்து நிற்கும் பிள்ளைக்கு அது எச்சரிக்கையாக அன்றி வழிகாட்டியாக அமைந்துவிடலாம் என்பதே காரணம். ஈற்றில் 2019 ஜூலையில் அக்காட்சி நீக்கப்பட்டது. காட்டுவதெல்லாம் யதார்த்தம் ஆகாது; காயத்தைக் காட்டுவது வேறு, கத்தியைக் கையிலே கொடுப்பது வேறு.

பதின்மூன்று வயதுக் குற்றவாளி

2025 மார்ச் மாதத்திலே வெளிவந்து உலகெங்கும் பேசப்பட்ட "அடோலசென்ஸ்" என்னும் பிரித்தானியத் தொடருக்கு வருவோம். ஜாக் தோர்ண், ஸ்ரீபன் கிரஹாம் ஆகிய இருவர் எழுத, பிலிப் பரன்ரினி நெறிப்படுத்திய இத்தொடரிலே நான்கே பாகங்கள். ஒவ்வொரு பாகமும் இடையிலே வெட்டு இன்றி, ஒரே ஓட்டமாகப் படம்பிடிக்கப்பட்டது. ஜேமி என்னும் பதின்மூன்று வயதுப் பையன் உடன்கற்ற மாணவியைக் கொன்றதாக அதிகாலையிலே கைதாகின்றான். கொன்றவன் அவனே என்பது முதலாவது பாகத்தின் முடிவிலேயே தெரிந்துவிடுகின்றது. அதன்பின் துப்பறியும் கதைக்கு இடமில்லை. யார் செய்தது என்னும் கேள்வி போய், ஏன் செய்தான் என்னும் கேள்வி மட்டும் எஞ்சுகின்றது.

இரண்டாவது பாகத்திலே ஓர் இடம் நம்மைப் போன்ற ஆசிரியர்களைத் தலைகுனிய வைக்கும். விசாரணை செய்யும் பொலிஸ் அதிகாரி பாடசாலைக்கு வருகின்றார். பிள்ளைகள் இன்ஸ்ரகிராமிலே ஒருவருக்கொருவர் இட்ட சிறு சிறு படக்குறிகளை அவர் நட்புக் குறிகள் என்று எண்ணியிருந்தார். அதே பாடசாலையிலே படிக்கும் அவருடைய சொந்த மகன் வந்து, அவை நட்பல்ல, நையாண்டி என்று விளக்குகின்றான். தந்தைக்கு மகனே மொழிபெயர்ப்பாளனாக வேண்டியிருக்கின்றது! சட்டம் படித்தவருக்கும் தன் பிள்ளையின் மொழி தெரியவில்லை.

நான்காவது பாகம் குற்றவாளியின் வீட்டிலே நிகழ்கின்றது. பதின்மூன்று மாதங்கள் கழிந்துவிட்டன. தந்தை நீர்க்குழாய் பழுதுபார்க்கும் உழைப்பாளி. தன் தகப்பன் தன்னை அடித்ததுபோலத் தன் மகனை ஒருநாளும் அடிப்பதில்லை என்று உறுதி பூண்டு, அதனைக் காத்தவர். மகனைக் காற்பந்து விளையாட அழைத்துச் சென்றபோது அவன் தடுமாறினான்; மற்றத் தந்தையர் சிரித்தபோது இவர் மகனைப் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடிக்கவில்லை, ஏசவில்லை, முகத்தைத் திருப்பினார், அவ்வளவே. அந்தத் திருப்பலை மகன் மறக்கவில்லை. அவன் தன் அறைக்குள்ளேதானே இருந்தான், அங்கே ஆபத்து இல்லையென்று நினைத்தோமே என்று பெற்றோர் இருவரும் ஏங்குகின்றனர். இவர்கள் கொடியவர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்கள். அதனாலேயே அந்நாடகம் நம்மைச் சுடுகின்றது.

குறையும் இல்லாமலில்லை. கொலையுண்ட பெண்பிள்ளையின் வீட்டுக்குள்ளே அந்நாடகம் செல்லவேயில்லை. கொன்றவன் பெயரையே உலகம் நினைவில் வைத்திருக்கும், இறந்தவளை மறந்துவிடும் என்று அதிலேயே ஒரு பெண் பொலிஸ் அதிகாரி மனம் நொந்து பேசுகின்றார். நாடகம் தன் குறையைத் தானே அறிந்திருந்தது என்பதற்கு அது சான்று. பிரித்தானியாவின் இடைநிலைப் பாடசாலைகளிலே அதனை இலவசமாகத் திரையிட ஏற்பாடு செய்யப்பட்டது. ஜேமியாக நடித்த ஓவன் கூப்பர் அதற்கு முன் திரையிலே நடித்தறியாத சிறுவன்; அவ்வாண்டு செப்ரெம்பரிலே எமி விருதையும் பெற்றான்.

தமிழ்ப் பிள்ளையின் துயரம்

இவையெல்லாம் வெள்ளையர் வீட்டுக் கதைகள், நமக்கேன் என்று சிலர் வினவலாம். தமிழ்ப் பிள்ளையின் துயரமும் உலகத் திரைக்கு வந்துள்ளது. 2020 முதல் 2023 வரை நெற்பிளிக்ஸிலே நான்கு பருவங்களாக வெளிவந்த "நெவர் ஹாவ் ஐ எவர்" என்னும் நகைச்சுவைத் தொடரின் நாயகி தேவி, அமெரிக்காவிலே வாழும் ஓர் இந்தியத் தமிழ் இந்துக் குடும்பத்துப் பெண். பாத்திரமேற்று நடித்த மைத்ரேயி இராமகிருஷ்ணனோ, இலங்கைப் போரினாலே கனடாவுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் மகள். ஏறத்தாழப் பதினையாயிரம் பேர் விண்ணப்பித்த திறந்த தேர்விலே தெரிவானவர்.

பாடசாலை இசை நிகழ்ச்சியிலே தேவி வாசித்துக்கொண்டிருக்க, பார்த்துக்கொண்டிருந்த தந்தை மாரடைப்பால் விழுந்து இறக்கின்றார். அதன்பின் சில மாதங்கள் அவளுடைய கால்கள் செயலற்றுப் போகின்றன. உடலிலே குறையில்லை, உள்ளத்தின் துயரமே கால்களைக் கட்டிப்போட்டது. பின்னர் நடக்கத் தொடங்குகின்றாள். ஆனால் கோபக்காரியாகின்றாள், பொய் சொல்கின்றாள், தோழியரை வஞ்சிக்கின்றாள். தாயும் மகளும் ஒரே மனிதருக்காக அழவேண்டியவர்கள், ஒருவரோடொருவர் சண்டையிடுகின்றனர். ஏனெனில் அவரைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. சிரித்துச் சிரித்துப் பார்க்கும் தொடரிலே இந்த ஓர் உண்மை மறைந்து கிடக்கின்றது: அழ இடமில்லாத துயரம் அடங்காத்தனமாக வெளிவரும்.

தமிழகத்திலே விஜய் தொலைக்காட்சி 2006இல் ஆரம்பித்த "கனா காணும் காலங்கள்" பள்ளி மாணவரின் நட்பையும் காதலையும் பூசலையும் வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்தது. இளையோர் அதிலே தம்மைக் கண்டு மகிழ்ந்தனர். 2009இலே வெளியான பாண்டிராஜின் "பசங்க" என்னும் திரைப்படமோ, சிறு பிள்ளைகளின் பகைக்குப் பின்னே வீட்டிலே பெற்றோர் இடும் சண்டை இருப்பதைக் காட்டி, பெற்றோருக்கே புத்தி சொல்லிற்று. அதே 2009இலே நமது வன்னிப் பிள்ளைகள் முள்ளிவாய்க்கால் மணலிலே பதுங்குகுழிகளுக்குள் இருந்தனர். பின்னர் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமின் கூடாரங்களிலே இருந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012இலேயே. அவர்களைப் பற்றிய தொடர் நாடகம் எது?

எழுதப்படாத நாடகம்

2009ஆம் ஆண்டிலே பிறந்த குழந்தைகள் இன்று பதினாறு வயதைக் கடந்துவிட்டனர். போர் அவர்களுடைய நினைவிலே இல்லை. ஆனால் வீட்டிலே இருக்கின்றது. சுவரிலே மாலையிட்ட படமாக இருக்கின்றது. மாலையிடவும் மனமில்லாத, இருக்கின்றாரா இல்லையா என்று தெரியாத ஒருவரின் படமாகவும் இருக்கின்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவில் முன்றலிலே 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். படத்தை மடியிலே வைத்துக்கொண்டு அப்பம்மா பந்தலிலே இருக்க, பேரப்பிள்ளை ரியூசன் வகுப்புக்குப் போய்வந்த வீடுகள் நம்மிடையே உண்டு. "அப்பாவுக்கு என்ன நடந்தது?" என்று பிள்ளை கேட்டால், "நீ படிக்கிற அலுவலைப் பார்" என்பதே பல வீடுகளில் விடை. தாயைக் குறை சொல்வதற்கில்லை. சொன்னால் தானே உடைந்துபோவேன் என்று அவள் அஞ்சுகின்றாள். தேவியின் வீட்டு மௌனம் அமெரிக்காவிலே மட்டும் இருப்பதன்று.

இந்த மௌனத்தின் மேலே இன்றைய தொல்லைகள் வந்து படிகின்றன. ஐஸ் என்னும் போதைப்பொருள் வடக்கின் கிராமங்கள் வரை வந்துவிட்டது. காலைப் பாடவேளையிலே மேசைமீது தலைவைத்து உறங்கும் பையனைச் சோம்பேறி என்று நாம் எளிதிலே தீர்ப்பளித்து விடுகின்றோம். அவன் இரவிலே மணல் ஏற்றும் கூலிவேலைக்குப் போனானா, கைத்தொலைபேசியோடு விடிய விடிய விழித்திருந்தானா, வீட்டிலே குடிகாரச் சண்டையினால் உறங்காதிருந்தானா என்று கேட்பவர் சிலரே. இம்மூன்று பிள்ளைகளும் வகுப்பிலே ஒரேமாதிரித்தான் உறங்குவர். அவர்களைப் பிரித்தறியும் கண்ணை ஒரு நல்ல நாடகம் நமக்குத் தரக்கூடும்.

பாடசாலைகளிலே போதை ஒழிப்பு நாடகங்கள் போடப்படாமலில்லை. அவற்றின் போக்கை யாவரும் அறிவர். கெட்ட நண்பன் வருவான். நல்ல பையன் கெடுவான். தாய் மார்பில் அடித்து அழுவாள். பையன் செத்து விழுவான். எல்லோரும் வரிசையிலே நின்று உறுதிமொழி எடுப்பர். கைதட்டல் வானைப் பிளக்கும். ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசையிலே உண்மையிலேயே அப்பழக்கத்தில் அகப்பட்டு இருக்கும் ஒரு பையன், அந்நாடகத்திலிருந்து எதைக் கொண்டுபோவான்? தனக்கு மீட்சி இல்லை, தன் முடிவு சாவு என்பதை மட்டுமே. அவன் யாரிடம் போகலாம் என்பதை நாடகம் சொல்லவில்லை. அவனிடம் யார் போகவில்லை என்பதையும் சொல்லவில்லை.

நம்மிடம் ஆற்றல் இல்லாமலன்று. க.பொ.த. உயர்தரத்திலே நாடகமும் அரங்கியலும் ஒரு பாடம். ஆண்டுதோறும் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலே மாணவர் நாடகங்கள் மேடையேறுகின்றன. குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் "மண் சுமந்த மேனியர்" நாடகத்தை 1985இலே தந்து, நம்மவர் துயரை நம்மவர் மொழியிலே மேடையேற்றலாம் என்று நிறுவிச் சென்றார். மரதன் அஞ்சலோட்டம்போல அந்த வேலையை அடுத்தவர் கையேற்க வேண்டும். இன்று ஒரு கைத்தொலைபேசியே படப்பிடிப்புக் கருவியாகின்றது. கண்டாவளையிலும், ஒட்டுசுட்டானிலும், நெடுங்கேணியிலும் உள்ள பிள்ளைகள் தம் கதையைத் தாமே எழுதிப் பத்து நிமிடக் குறுநாடகங்களாக எடுக்க ஆசிரியர்கள் துணைநிற்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் வேண்டும்: அந்நாடகத்திலே பெரியவர் பாத்திரங்களைப் பிள்ளைகள் எழுதுவதுபோலவே விட்டுவிட வேண்டும். ஆசிரியர் பாத்திரம் பிரம்போடு வந்தால், அதனைத் திருத்தி எழுதாதிருக்கும் துணிவு நமக்கு வேண்டும்.

வீட்டிலே செய்யக்கூடியது

பெற்றோர் என்ன செய்யலாம்? இத்தகைய நாடகத்தைப் பிள்ளை பார்க்கின்றது என்று அறிந்தால், முதலிலே தாமும் பார்க்கவேண்டும். வயதுக்கு ஏற்றதா என்று தீர்மானித்தபின் கூடவே இருந்து பார்க்கவேண்டும். கலகக் காட்சி வந்தவுடனே "பார்த்தாயா, கெட்டவர்களுக்கு இதுதான் முடிவு" என்று உபதேசம் தொடங்கினால், பிள்ளை எழுந்து போய்விடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: "இந்தக் கதையிலே அந்தப் பிள்ளைக்கு யார் உதவி செய்திருக்கலாம்?" பிள்ளை ஒருவேளை ஆசிரியரைச் சொல்லும், ஒருவேளை தாயைச் சொல்லும், ஒருவேளை பேசாமலே இருக்கும். பேசாமல் இருந்தாலும் கேள்வி உள்ளே போய்விட்டது.

வீட்டிலே தீர்க்கமுடியாத தொல்லையாயின், வெளியிலே கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பாடசாலைகளிலே ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர்கள் உள்ளனர்; மாவட்ட வைத்தியசாலைகளிலே மனநலப் பிரிவுகள் உள்ளன. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. நாட்காட்டியின் ஓரத்திலே இவ்விரு இலக்கங்களையும் பிள்ளையின் கண்ணிலே படும்படி எழுதிவையுங்கள்.

குற்றம் செய்த பிள்ளையைக் காட்டி நம்மை நடுங்கவைப்பது எந்த நாடகத்துக்கும் எளிது. அக்குற்றத்துக்கு முதல்நாள் அவ்வீட்டிலே யார் யாரோடு பேசாதிருந்தார்கள் என்று காட்டுவதே அரிது. அந்த நாடகம் வன்னியிலே எழுதப்படும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்றிரவு தொலைக்காட்சியைச் சிறிது முன்னதாக நிறுத்திவிட்டு, பிள்ளை கேட்டு நாளான அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தொடங்கலாம்.